மெட்ரோ தண்ணீர்: மீட்டரில் 310 காட்டுது, அப்படியே குடிக்கலாமா?

கீழ்வீடு | 2 ஜூன் 2024, காலை 8.10

சென்னை மேற்கு மாம்பலம், தரைத்தளம், பழைய தனி வீடு. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் மெட்ரோ தண்ணீர் விடுறாங்க. தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் இறங்கி, அங்கிருந்து மாடித் தொட்டிக்குப் போகும். ஆர்ஓ சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வந்தவர் டிடிஎஸ் மீட்டரை முக்கி 310 என்று காட்டி, 300 தாண்டினாலே குடிக்கக் கூடாது என்கிறார். மாமியார், நாற்பது வருஷமா இதைத்தானே குடிக்கிறோம் என்கிறார். நாலு வயதுக் குழந்தைக்கு மூணு வாரத்தில் ரெண்டு தடவை வயிற்றுப்போக்கு. மீட்டர் சொல்றது சரியா? இன்னொன்று: தண்ணீர் விட்டதும் முதல் ஐந்து நிமிஷம் லேசாகச் சாக்கடை வாடை வரும், அப்புறம் நின்னுடும்.

வடிகட்டி | 2 ஜூன், காலை 9.25

மீட்டரை ஓரமா வையுங்க. அது அளக்கிறது தண்ணியில் எவ்வளவு மின்சாரம் கடக்குது என்பதை. அதை ஒரு எண்ணால் பெருக்கி, கரைந்த உப்பு இவ்வளவு என்று காட்டும். உப்பு, சுண்ணாம்பு, மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த கணக்கு. இந்தியத் தரம் ஐஎஸ் 10500-ல் டிடிஎஸ், அதாவது இந்தக் கரைந்த உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கலாம் என்று இருக்கு. 310 நல்ல தண்ணி.

ஒரு குடத்தில் அரை டம்ளர் சாக்கடைத் தண்ணியை ஊற்றி அதே மீட்டரை முக்கினாலும் 310 ரெண்டு மூணு எண்தான் நகரும். காலராக் கிருமி, டைபாய்டு, மஞ்சள்காமாலை வைரஸ், ஈயம் எதுவும் அந்த மீட்டருக்குத் தெரியாது.

நீங்க கடைசியில் சேர்த்த வரிதான் எனக்குப் பயம். முதல் ஐந்து நிமிஷ வாடை. கீழ்ப்பாக்கம், புழல், செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்து தண்ணீர் குளோரினோடுதான் கிளம்புது. கெடுகிறது வழியில். 24 மணி நேரமும் அழுத்தத்தில் இருக்கிற குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் பீச்சும், உள்ளே எதுவும் வராது. நம்ம ஊரில் ரெண்டு மூணு மணி நேரம் விட்டுட்டு நிறுத்திடறாங்க. மிச்ச நேரம் குழாய் காலி. சுற்றி ஈர மண், பக்கத்தில் கசியும் சாக்கடை. காலிக் குழாய்க்குள் அது ஊறி இறங்கும். மறுபடி தண்ணீர் விடும்போது முதலில் வந்து சேர்வது அதுதான்.

மருந்துக் கடையிலோ அக்வேரியம் கடையிலோ, நீச்சல்குளப் பொருள் விற்கிற இடத்திலோ ஓடி என்று ஒரு குளோரின் சோதனைக் குப்பி கிடைக்கும். வாங்கிப் பார்த்துச் சொல்லுங்க. அதுவரை குழந்தைக்குத் தளதளன்னு கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணி மட்டும். வயிற்றுப்போக்கு திரும்ப வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துட்டு டாக்டரிடம் போயிடுங்க, இந்த இழையைப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க.

கைப்பம்பு | 2 ஜூன், மதியம் 1.40

அக்கா, ரோட்டுக் குழாயில் இருந்து வர்ற லைனில் நேரா மோட்டார் மாட்டியிருக்கீங்களா, இல்ல தண்ணி தானா சம்ப்பில் விழுதா? பக்கத்து வீடு, எதிர்வீடு?

கீழ்வீடு | 2 ஜூன், இரவு 9.05

எங்களுக்குத் தானாக விழுது. லைனில் ஒரு பழைய அடி பம்பும் இருக்கு. எதிர்வீட்டில் லைனிலேயே மோட்டார். தண்ணீர் விடும் நேரத்துக்குக் கால் மணி முன்பே போட்டுடுவாங்க, உறுமும் சத்தம் கேட்கும்.

கைப்பம்பு | 2 ஜூன், இரவு 9.30

கால் மணி முன்பே போடறாங்கன்னா காலி லைனை உறிஞ்சறாங்க. குழாய்க்குள்ள காற்று இழுபடும்போது தெருவில் எந்த ஜாயின்ட் லூஸோ, எந்த பைப் துருப்பிடிச்சிருக்கோ, அங்கெல்லாம் வெளியே நிக்கிற தண்ணி உள்ளே வரும். லைனில் நேரா மோட்டார் வைக்கக் கூடாதுன்னு குடிநீர் வாரியம் தடை போட்டிருக்கிறது இதுக்காகவும்தான்.

உங்க அடி பம்பையும் பாருங்க. வாஷர் காய்ஞ்சிருந்தா மேலே தண்ணி ஊற்றித்தான் அடிக்க ஆரம்பிப்பாங்க. அந்த ஊற்றுகிற தண்ணி எது? வாசலில் இருக்கிற பக்கெட் தண்ணின்னா அதுவே லைனுக்குள்ள போகும். வாஷரை மாற்றுங்க, இல்லன்னா பம்பைக் கழற்றிட்டு மூடி போட்டு அடைச்சிடுங்க.

கீழ்வீடு | 4 ஜூன், காலை 7.15

ஓடி குப்பி கிடைத்தது. இன்று தண்ணீர் விட்டு அரை மணி கழித்து, சம்ப்பில் விழும் இடத்திலேயே பிடித்தேன். மஞ்சள் வந்தது. அட்டையில் 0.5-க்குப் பக்கத்தில் இருக்கு. அப்படின்னா பயமில்லைதானே?

வடிகட்டி | 4 ஜூன், காலை 7.50

லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்றால் நல்ல அளவு. தரப்படி வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2 இருக்கணும். வைரஸ் பயம் இருக்கிற காலத்தில் 0.5. முதல் பத்து நிமிஷத் தண்ணியைச் சம்ப்பில் விடாமல் வெளியே விட்டுட்டால் போதும்.

சோதனைக்குழாய் | 4 ஜூன், காலை 11.20

வடிகட்டி சார், கொஞ்சம் பொறுங்கள். மஞ்சள் எப்போது வந்தது என்று கேட்காமல் 0.5 நல்லது என்று சொல்ல முடியாது. சொட்டு விட்ட உடனேயா, நேரம் கழித்தா?

வடிகட்டி | 4 ஜூன், மதியம் 12.05

மேடம் சொல்றது சரி. அவசரத்தில் பதில் போட்டுட்டேன், மேலே எழுதியதைக் கணக்கில் எடுக்காதீங்க. கீழ்வீடு அம்மா, அடுத்த முறை கையில் கடிகாரத்தோடு பாருங்க. சொட்டு விட்டு ஐந்து விநாடிக்குள் என்ன நிறம், ஐந்து நிமிஷம் கழித்து என்ன நிறம். ரெண்டையும் எழுதி வையுங்க. குப்பியை வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்தால்தான் லேசான மஞ்சள் தெரியும். ஓடி திரவம் கையில் படாமல் பார்த்துக்கோங்க, உடம்புக்கு ஆகாத சாமான். சோதனை செய்த தண்ணியைக் கழிப்பறையில் ஊற்றிடுங்க. குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

கீழ்வீடு | 6 ஜூன், காலை 7.30

இன்று கவனித்தேன். சொட்டு விட்டதும் ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர் மாதிரி. ஒரு நிமிஷத்தில் சந்தேகப்படும்படி ஒரு சாயல். நாலாவது நிமிஷம்தான் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணி மாதிரி ஆச்சு. அந்த முந்தாநாள் 0.5-உம் இப்படி நின்று வந்ததுதான், அப்போது நேரம் பார்க்கத் தோன்றவில்லை.

வடிகட்டி | 6 ஜூன், காலை 8.40

அப்படின்னா கதை மாறுது.

தண்ணியில் குளோரின் ரெண்டு விதமா இருக்கும். ஒன்று தனியாக நிற்பது. அதுதான் கிருமியைக் கொல்லும், ஓடியில் உடனே மஞ்சள் காட்டும். இன்னொன்று அம்மோனியாவோடு கட்டிக்கொண்டது, குளோரமைன். கிருமியைக் கொல்லும் வேகம் அதற்கு ரொம்பக் குறைவு, ஓடியிலும் மெதுவாகத்தான் மஞ்சளாகும். உங்க வீட்டில் இருக்கிறது ரெண்டாவது.

அம்மோனியா எங்கிருந்து? சிறுநீர், மலம், சாக்கடை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் சேர்ந்தால் அதைத் தீர்க்கவே ஏழரை மில்லிகிராமுக்கு மேல் குளோரின் செலவாகும், நடைமுறையில் பத்து என்று வைக்கணும். அது தீர்ந்த பிறகுதான் தனிக் குளோரின் மிஞ்சும். அதனால் சாக்கடை கலந்த தண்ணியில் நாம் எவ்வளவு பவுடர் போட்டாலும் முதலில் அம்மோனியா தின்னும், கிருமிக்குக் கிடைக்காது. மஞ்சள் வந்ததைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம்.

இது தெரியணும் என்பதற்காகவே ஓடியை விட டிபிடி என்ற சோதனை மாத்திரை நல்லது. முதல் எண் மாத்திரை போட்டால் தனிக் குளோரினுக்கு மட்டும் இளஞ்சிவப்பு வரும். மூன்றாம் எண் மாத்திரையையும் போட்டால் மொத்தக் கணக்கு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கட்டிக்கொண்டது.

சோதனைக்குழாய் | 6 ஜூன், காலை 10.15

ஒரு எச்சரிக்கை. உடனே உங்கள் வீட்டுக் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். கோடையில் ஏரி வற்றும்போது மூலத் தண்ணீரிலேயே அம்மோனியா இருக்கலாம். அப்போது தெரு முழுக்கவே மஞ்சள் தாமதமாகத்தான் வரும். வழி எளிது: ஒரே காலை, தண்ணீர் விட்டு அரை மணி கழித்து, தெருமுனை வீட்டில் ஒரு குப்பி, உங்கள் வீட்டில் ஒரு குப்பி. இரண்டிலும் தாமதம் என்றால் வாரியத்திடம் போங்கள். அங்கே உடனே, இங்கே தாமதம் என்றால் கோளாறு இரண்டு வீட்டுக்கும் நடுவில்.

நங்கநல்லூர் | 6 ஜூன், மாலை 5.50

எங்கள் ஊர்ப் பக்கம் கலங்கல் தண்ணிக்குத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்த்து வைப்போம். விடிந்தால் தெளிந்திருக்கும். செப்புக் குடத்தில் ராத்திரி ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பதும் உண்டு. அதெல்லாம் பயன் இல்லையா?

சோதனைக்குழாய் | 6 ஜூன், இரவு 8.10

பயன் உண்டு அம்மா, எதற்கு என்பதுதான் கேள்வி. தேற்றாங்கொட்டை கலங்கலைக் கட்டிப்பிடித்து அடியில் இறக்கும். கலங்கல் போனால் அதன்பின் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எட்டிப் பிடிக்கும், அந்த வகையில் நல்ல முதல் படி. ஆனால் தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் ஆகாது. செப்புக் குடத்தில் பதினாறு மணி நேரம் போல வைத்தால் பாக்டீரியா நன்றாகக் குறைவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். குடத்தை உள்ளே பச்சை பிடிக்க விடாமல் புளி போட்டுத் துலக்க வேண்டும், புளிப்பான எதையும் அதில் வைக்கக் கூடாது. சாக்கடை கலந்த தண்ணீருக்கு இரண்டுமே போதாது. காய்ச்சுவது ஒன்றுதான் உறுதி.

1992-ல் உலகத்துக்கே புதிதான ஒரு காலராக் கிருமி வகை, ஓ139, முதலில் தெரியவந்தது இந்த ஊரில், அன்றைய மெட்ராஸில். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வடிகட்டி | 6 ஜூன், இரவு 9.00

இதையும் சேர்த்துக்கலாம். 2019 நவம்பரில் மத்திய அரசு பல நகரங்களின் குழாய்த் தண்ணீர்ச் சோதனை முடிவை வெளியிட்டது. மும்பையில் எடுத்த மாதிரி எல்லாம் தேறின. சென்னையில் எடுத்த பத்தில் ஒன்றுகூடத் தேறலை. ஏரிகள் வறண்டு கிடந்த வருஷம் அது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அந்தச் சோதனையில் ஒன்று சரியா செய்தாங்க: தண்ணியை வீட்டுக் குழாயில் பிடித்தாங்க. நிலையத்து வாசலில் பிடித்தால் சென்னைத் தண்ணி எப்பவும் நல்ல தண்ணியாத்தான் தெரியும்.

கீழ்வீடு | 8 ஜூன், காலை 8.00

தெருமுனையில் சித்தப்பா வீடு. அங்கே சொட்டு விட்ட நொடியே மஞ்சள், 0.6 போல. எங்கள் வீட்டில் அதே நேரம் நாலரை நிமிஷம். இப்போ என்ன செய்யணும்?

கைப்பம்பு | 8 ஜூன், காலை 9.10

ரோட்டில் இருந்து வீட்டுக்குள்ள வர்ற பைப் எது, ஜிஐ இரும்பு பைப்பா? பழைய வீடுன்னா அதுவாத்தான் இருக்கும். மண்ணுக்குள்ள இருபது முப்பது வருஷத்தில் அடிப்பக்கம் துரு தின்னுடும், மேலே பார்த்தா முழுசா இருக்கிற மாதிரி இருக்கும். உங்க காம்பவுண்டுக்குள்ள சாக்கடை சேம்பர், அதான் மூடி போட்ட கழிவுநீர்த் தொட்டி, எங்க இருக்கு, தண்ணி பைப் அதை எங்க தாண்டுதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. பத்து வீட்டில் எட்டு வீட்டில் கோளாறு அந்த ரெண்டடிக்குள்ளதான்.

பெரிய குழாய் போடுறப்போ தண்ணிக் குழாய்க்கும் சாக்கடைக்கும் பத்தடி, அதாவது மூணு மீட்டர் இடைவெளி வேணும்னு விதி. முடியலன்னா தண்ணிக் குழாய் அரை மீட்டராவது மேலே போகணும். பழைய மாம்பலம் வீட்டில் இடமே ரெண்டடி. அதனால சேம்பர் பக்கத்தில் போற பைப்பை மட்டுமாவது மேலே தூக்கி, ஜாயின்ட் இல்லாத ஒரே துண்டா போடணும். இப்போ நீல நிற எம்டிபிஇ பிளாஸ்டிக் பைப் சுருளா வருது. துரு கிடையாது, நடுவில் இணைப்பு வேணாம். தெரு மெயினில் வீட்டு லைன் சேருற ஃபெரூல் மாட்டுற இடத்தையும் ரோட்டையும் நீங்க தொடக் கூடாது. வாரியத்தோட 1916 என்ற போன் நம்பரில் புகார் பதிவு பண்ணுங்க, "தண்ணீரில் கழிவுநீர் கலப்பு" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்க. "தண்ணி சரியில்ல"ன்னா வரிசையில் போயிடும்.

தோண்டும்போது சேம்பரையும் பாருங்க. உட்புறம் சிமென்ட் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிஞ்சா அங்கிருந்துதான் மண்ணுக்குள்ள ஊறுது. பைப்பை மட்டும் மாற்றி சேம்பரை விட்டா மண் நாறிக்கிட்டே இருக்கும்.

கீழ்வீடு | 11 ஜூன், மாலை 6.30

கண்டுபிடித்தாச்சு. சேம்பர் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளித்தான் பைப் போகுது. ஈரச் சாக்கு மாதிரி கறுத்த மண். பைப்பைத் துணியால் துடைத்தால் மேல்பக்கம் நல்லா இருக்கு, அடியில் சுண்டு விரல் நுழையும் ஓட்டை, ஓரம் பிஸ்கட் மாதிரி உதிருது. தெருப் பக்கம் வாரியத்து ஆட்கள் வந்து பார்த்துட்டாங்க. உள்ளே முழுக்க நீல பைப் போட்டாச்சு, சேம்பர் பக்கம் ஒன்றரை அடி மேலே தூக்கி. சேம்பருக்குப் பூச்சும் போட்டாச்சு. அடி பம்பு வேண்டாம் என்று அடைச்சுட்டோம். எட்டடிக்கு ஆறடி சம்ப், அதை எப்படிச் சுத்தம் பண்ணுவது?

வடிகட்டி | 11 ஜூன், இரவு 8.20

முதலில் உயிர். மூடிய சம்ப்புக்குள் காற்று இருக்காது, இறங்கினவர் சத்தமில்லாமல் சாய்ந்துடுவார். மூடியைத் திறந்து ரெண்டு மணி நேரம் விட்டு, மேலிருந்து டேபிள் ஃபேனை உள்ளே திருப்பி வையுங்க. மேலே ஒருத்தர் கட்டாயம் நிற்கணும். உள்ளே கரண்ட் விளக்கு வேண்டாம், பேட்டரி டார்ச். ஆள் உள்ளே இருக்கும்போது பிளீச்சிங் பவுடரைத் திறக்கவே கூடாது. ஆசிட்டோடு பவுடர் சேர்ந்தால் குளோரின் புகை கிளம்பும், அதனால் கழிப்பறை ஆசிட் பாட்டில் அந்தப் பக்கமே வேண்டாம்.

வண்டலை அள்ளி, சுவரைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி எடுங்க. பிறகு 20 லிட்டர் வாளியில் 16 கிராம் பவுடர் கரைத்து, தெளிந்ததை மட்டும் எடுத்து நீளக் கம்பில் கட்டிய துணியால் சுவர் முழுக்கத் தடவுங்க, மேலே நின்னுக்கிட்டே. அடுத்து ஒரு அடிக்குத் தண்ணி. எட்டுக்கு ஆறுக்கு ஒன்று, 48 கன அடி, சுமார் 1,360 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேணும். பவுடர் 270 கிராம். அதை மாடித் தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் குளியலறை, கழிப்பறை வழியா வெளியே. செடிக்கு வேண்டாம்.

அதன்பின் வழக்கமான அளவு: மூணு அடித் தண்ணிக்கு, அதாவது 4,000 லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில் 25 கிராம் பவுடர்.

சோதனைக்குழாய் | 11 ஜூன், இரவு 9.00

இரண்டு கணக்கும் இரண்டு விதமாக இருக்கிறது சார். 270 கிராம் என்பது பவுடரில் 25 சதவீதம் குளோரின் என்று வைத்த கணக்கு. கடைசி 25 கிராம் 33 சதவீதத்துக்கு. பையில் 33 என்று அச்சிட்டிருந்தாலும் கடை அலமாரியில் இருந்து வருவதற்குள் குறைந்துவிடும். 25 சதவீதத்துக்கு 32 கிராம் போட வேண்டும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடர் என்றால் அதுவும் போதாது. கையில் எடுத்தால் கட்டியாக, ஈரமாக, வாடை மட்டாக இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

வடிகட்டி | 11 ஜூன், இரவு 9.15

ஆமாம், 32. பவுடரை நேரா சம்ப்பில் கொட்டாதீங்க. வாளியில் கரைத்து, பத்து நிமிஷம் அடியில் சுண்ணாம்பு இறங்க விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்க. அரை மணி கழித்துத்தான் சோதிக்கணும், அதற்கு முன் குடிக்கவும் கூடாது.

இதை மறந்துடப் போறேன்: உங்க வீட்டில் ஆர்ஓ ஏற்கனவே இருந்தால், அந்த 50 மில்லிகிராம் வேலை முடியும்வரை அதுக்குப் போகும் குழாயை மூடி வையுங்க. ஆர்ஓவுக்குள் உப்பை வடிக்கிற சவ்வான மெம்பிரேனுக்குக் குளோரின் எமன். அதைக் காப்பாற்றத்தான் முன்னாடி கரி ஃபில்டர் இருக்கு, இவ்வளவு குளோரினை அது தாங்காது.

கீழ்வீடு | 13 ஜூன், காலை 6.50

ஆர்ஓ வாங்கவே இல்லை, இங்கே பதில் தெரிந்துட்டுத்தான். நேற்று ராத்திரி சொன்ன மாதிரியே செய்தோம். டிபிடி மாத்திரையும் வாங்கிட்டேன். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை, ஆனால் மாத்திரை போட்டால் கண் சிமிட்டும் நேரம் சிவந்துட்டு, உடனே தண்ணி வெறும் தண்ணியா ஆயிடுச்சு. குளோரின் இல்லை என்றா அர்த்தம்?

சோதனைக்குழாய் | 13 ஜூன், காலை 7.20

இல்லை, அளவுக்கு மேல் இருக்கிறது. குளோரின் லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் போனால் டிபிடியின் நிறத்தையே வெளுத்துவிடும். இப்படி வெளுத்ததைப் பார்த்து இன்னும் பவுடர் கொட்டுகிறவர்கள் உண்டு. ஒரு பங்கு அந்தத் தண்ணீருக்கு 49 பங்கு குளோரின் இல்லாத தண்ணீர், காய்ச்சி ஆற்றியதே போதும், சேர்த்துச் சோதியுங்கள். வரும் எண்ணை 50-ஆல் பெருக்குங்கள்.

கீழ்வீடு | 13 ஜூன், காலை 8.05

0.8 வந்தது. அப்படின்னா 40. நன்றி மேடம்.

கீழ்வீடு | 14 ஜூன், காலை 7.40

புது பைப்பில் இன்று தண்ணீர் வந்தது. முதல் பத்து நிமிஷம் வெளியே விட்டேன், வாடை இல்லை. டிபிடி முதல் மாத்திரை உடனே சிவந்தது, 0.4. மூன்றாவது போட்டும் 0.5-தான். இனி காய்ச்சாமல் கொடுக்கலாமா?

வடிகட்டி | 14 ஜூன், காலை 9.00

தனிக் குளோரின் 0.4, கட்டிக்கொண்டது 0.1 மட்டும். பைப் சரியாயிடுச்சு. குழந்தைக்கு மட்டும் கிருமிச் சோதனை முடிவு வரும்வரை காய்ச்சுங்க.

சோதனைக்குழாய் | 14 ஜூன், காலை 10.30

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீரைக் கிருமிச் சோதனைக்குக் கொடுக்கலாம். பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். கிருமி நீக்கிய பாட்டில், உள்ளே குளோரினை முறிக்கத் துளி தையோசல்பேட் இருக்கும். அதைக் கழுவாதீர்கள். குளோரினை முறிக்காவிட்டால் போகும் வழியிலேயே கிருமி செத்து, நல்ல முடிவு வந்துவிடும், அது உங்கள் வீட்டு உண்மை ஆகாது. குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறம் விரல் படாமல் பிடியுங்கள். கழுத்து வரை நிரப்ப வேண்டாம், கொஞ்சம் இடம் விடுங்கள். ஐஸ் வைத்த பையில் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். சம்ப்பில் விழும் இடத்தில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று. 100 மில்லியில் ஈ.கோலி என்ற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் தரம்.

வீட்டில் வைத்துப் பார்க்கும் எச்2எஸ் குப்பியும் உண்டு. ஓரிரு நாளில் கறுத்தால் மலக் கிருமி இருக்கலாம். போர் தண்ணீரில் இயல்பாகவே அழுகிய முட்டை வாடை இருந்தால் அது கிருமி இல்லாமலும் கறுக்கும், ஏமாறாதீர்கள்.

நங்கநல்லூர் | 15 ஜூன், காலை 11.00

கேன் தண்ணிக்கு மாறிவிட்டால் இவ்வளவு பாடு வேண்டாமே?

வடிகட்டி | 15 ஜூன், மதியம் 12.40

கேனில் குளோரின் மிஞ்சாது அம்மா. கீறல் விழுந்த கேன், வெயிலில் நின்ற வண்டி, கை படும் டிஸ்பென்சர் குழாய், அதில் ஒன்று கெட்டாலும் கேன் முழுக்கக் கிருமி வளரும். ஆர்ஓவும் அப்படித்தான்: உள்ளே இருக்கும் சேமிப்புத் தொட்டியில் குளோரின் கிடையாது, ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் முதல் தொட்டியைக் கொட்டிடணும். ஒரு லிட்டருக்கு ரெண்டு மூணு லிட்டர் வெளியே போவது வேறு. போர் தண்ணியில் உப்பு 1000, 1500 என்று ஏறின இடத்தில், மீஞ்சூர் மாதிரிக் கடல் நீர் நிலத்தடியில் புகுந்த இடத்தில், ஆர்ஓ இல்லாமல் முடியாது. 310-க்கு வேண்டாம்.

நைட்ரேட் ஒரு விதிவிலக்கு. காய்ச்சினால் குறையாது, தண்ணி வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். தரம் 45 மில்லிகிராம். சாக்கடை ஊறும் போர் கிணறு கைக்குழந்தை வீட்டில் இருந்தால் அதைத் தனியாகச் சோதித்தே ஆகணும்.

கீழ்வீடு | 19 ஜூன், மாலை 4.15

முடிவு வந்தது. ரெண்டு பாட்டிலும் ஈ.கோலி இல்லை, கோலிஃபார்மும் இல்லை. குழந்தை நல்லா இருக்கான்.

கைப்பம்பு | 19 ஜூன், மாலை 5.00

சந்தோஷம் அக்கா. மழைக்கு முன்னாடி சம்ப் மூடியின் விளிம்பைத் தரையில் இருந்து அரை அடி உயர்த்திக் கட்டிடுங்க. நவம்பரில் வாசலில் தண்ணி நின்னா மூடி வழியா உள்ளே இறங்கும். ஓவர்ஃப்ளோ பைப் சாக்கடையில் முடியுதான்னு பாருங்க, அப்படி சாக்கடைக்குள்ள போனா வெட்டிட்டு வாயில் கொசுவலை கட்டுங்க.

கீழ்வீடு | 22 ஜூன், காலை 7.55

எதிர்வீட்டு அக்காவிடம் குப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். மோட்டார் ஓடும்போதே அவங்க குழாயில் பிடித்தோம். டிபிடி முதல் மாத்திரைக்கு நிறமே வரவில்லை. மூன்றாவது போட்டும் அப்படியே. ரெண்டு பேரும் வெள்ளைத் தாளை வைத்து ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னோம். தெருவிலேயே முதல் ஆளாத் தண்ணி பிடிக்கிறது அவங்கதான்.

கைப்பம்பு | 22 ஜூன், காலை 8.20

முதல்ல உறிஞ்சறவங்களுக்குத்தான் குழாயில் ஊறி நிக்கிறது எல்லாம் முதல்ல வரும். இன்னையில் இருந்து காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க. நாளன்னைக்குத் தண்ணி வர்ற காலையில் மோட்டாரைப் போடாம, கேட் வால்வை மூடி வெச்சு, வந்து பத்து நிமிஷம் கழிச்சுத் திறந்து, மறுபடி அதே மாத்திரையைப் போட்டுப் பாருங்க. நிறம் வந்தா மோட்டாரைக் கழற்றிடலாம். வரலன்னா அவங்க சேம்பர் எந்தப் பக்கம்னு கேட்டு எழுதுங்க.

கீழ்வீடு | 24 ஜூன், காலை 7.45

மோட்டார் இல்லாமல் 0.3. மெதுவாகத்தான் விழுது, சம்ப் நிறைய ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. அக்கா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. எலெக்ட்ரீஷியனை மதியம் வரச் சொல்லியிருக்காங்க.